பெரட்டுக் கொட்டகையில் ஒரு கௌபாய்

கொழும்பில் பழைய படச்சுருள் சேர்க்கும் ஒருவர் தகர டப்பாவைத் திறந்ததும் வினாகிரி போலப் புளித்த வாடை வந்தது. "யாருமே கண்டுக்காத கௌபாய் படம், கஹவத்தைப் பக்கம் ஒரு தோட்டத்துல குப்பையா கிடந்துச்சு, நான்தான் காப்பாத்தினேன்" என்று அவர் பெருமையடித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குப்பையா? வருசா வருசம் எங்கள் தோட்டத்து அம்மன் திருவிழாவுக்கு மறுநாள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் கொட்டகையில், ரப்பர் பால் நாறும் கைகளோடு சாக்கு விரித்து உட்கார்ந்து நாங்கள் பார்த்த ஒரே படம் அது. கிளப்பில் துரைமார் விட்டுப்போன மெஷினை ஓட்டும் லொறி டிரைவர் செல்லையா மாமாவுக்கு டப்பாவில் எழுதியிருந்த இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாததால் கடைசிச் சுருளைத்தான் முதலில் மாட்டுவார். அதனால் பண்ணை முதலாளி சுட்டுக் கதாநாயகன் முதலிலேயே செத்துவிடுவான், பிறகு குதிரையில் வந்து அந்த முதலாளியைப் புழுதியில் போட்டுப் புரட்டுவான், பால் வெட்டும் பாக்கியம் அக்கா எழுந்து, "வந்துட்டாருடி நம்ம காவல்தெய்வம் மாடசாமி! தொரை, இனி ஓடுங்க!" என்று கத்த, தகரக் கூரை அதிரும்.

பிறகு வந்த புது நிர்வாகம் கொட்டகையை இடித்தது. டப்பாக்களை எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றது.

அந்தக் கொழும்புக்காரர் சுருள்களை வரிசையாக மாட்டிப் படத்தைப் போட்டார். கடைசியில் முதலாளி சுட்டான், கதாநாயகன் செத்தான், விளக்கு எரிந்தது.

"எப்படி, அசல் முடிவு?"

"பேச்ச நிப்பாட்டுங்க சேர்," என்றேன். "எங்க கொட்டகையில ஒரு வருசம்கூட தொரை ஜெயிச்சதில்ல."