மூன்றாவது ரவை

பதினொரு வயதில் நான்தான் எங்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளர். எங்கள் நாட்டுச் சண்டையை நோர்வேக்காரர்கள் பேசித் தீர்க்கப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுக்கு விமானப் பயணமும் மாலை மரியாதையும் கிடைத்தன. எனக்கு, சனிக்கிழமைகளில், நோர்வேயில் நாங்கள் குடியிருந்த ஹவுகன்ஸ்டுவாவில் அம்மாவோடு பஸ் ஏறி, அவர் துப்புரவு வேலை செய்த துப்பாக்கிச் சுடும் கழகத்துக்குப் போகும் பாக்கியம் கிடைத்தது. அம்மா தரை துடைப்பார். யாராவது ஏதாவது கேட்டால் நான் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்வேன். மற்ற நேரம் வாளியில் தண்ணீர் மாற்றுவேன்.

வகுப்பில், அம்மாவுக்கு ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை என்று சொல்லி வைத்திருந்தேன். ஆகவே ஒரு சனிக்கிழமை என் வகுப்புக்காரி ஒருத்தி தன் தாத்தாவோடு கழகத்துக்குள் வந்தபோது, வாளியை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் விழித்தேன்.

தாத்தா மேசையில் ஒரு பழைய கைத்துப்பாக்கியை வைத்தார். அவருடைய அப்பா வைத்திருந்தது, இரண்டாம் உலக யுத்தத்துக்கும் முந்தியது. வெடிமருந்தில்லாத சோதனைத் தோட்டாக்களை ஒவ்வொரு ரவையாக மகசின் கூட்டில் போட்டு இழுத்து இழுத்துப் பார்த்தார். இரண்டு ஒழுங்காக ஏறின. மூன்றாவது இறுகி நின்றது. மறுபடி போட்டார். மறுபடியும் மூன்றாவதில் நின்றது. ஸ்பிரிங் மாற்றியாயிற்று, எண்ணெய் விட்டாயிற்று, வேறு ரவையும் போட்டுப் பார்த்தாயிற்று என்று பேத்தியிடம் புலம்பினார். இன்றைக்கும் சரிவராவிட்டால், குழாயை அடைத்து, இனிச் சுடவே முடியாதபடி செய்து, சுவரிலுள்ள கண்ணாடி அலுமாரியில் வைத்துவிடப் போவதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது துப்பாக்கியைத் தடவிக்கொண்டேயிருந்தார்.

எங்கள் கட்டடத்தில் யார் வீட்டு உடுப்புத் தோய்க்கும் மெஷின் முனகினாலும், அம்மா கேட்ட மாத்திரத்தில் பிழையைச் சொல்லிவிடுவார். இப்போதும் துடைப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

“பிள்ளை, அவருக்குச் சொல்லு. ஸ்பிரிங்கிலை ஒரு பிழையுமில்லை. மகசின்ரை வாய் விரிஞ்சு போச்சு. அதாலைதான் ரவை தலையைத் தூக்கிக்கொண்டு வந்து இறுகுது. ரெண்டு பக்கமும் மெல்லமா உள்ளுக்கு நெரிச்சுவிட்டால் சரிவரும். வேணுமெண்டால் நானே செய்துதாறன்.”

ஊரில் போராளி இயக்கத்தில் ஆயுதம் திருத்தும் இடத்தில் அம்மா இருந்தவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை வெளியில் கதைக்கக்கூடாது என்பது அம்மாவே போட்ட சட்டம். அன்று அந்தச் சட்டத்தை அவரே மறந்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

தாத்தா நிமிர்ந்து, “அம்மா என்ன சொல்கிறார்?” என்று கேட்டார். வகுப்புக்காரி என்னையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். தரை துடைப்பவரின் மகள் என்பதே எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. துப்பாக்கி தூக்கிய துவக்குக்காரியின் மகள் என்றும் ஆகிவிட்டால் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எப்படி முகம் காட்டுவது?

“மேசைக்குக் கீழே துடைக்க வேண்டுமாம். காலைக் கொஞ்சம் தூக்க முடியுமா என்று கேட்கிறார்” என்றேன்.

தாத்தா மன்னிப்புக் கேட்டபடி இரண்டு காலையும் தூக்கினார். மேசைக்குக் கீழே அம்மா அப்போதுதான் துடைத்து முடித்திருந்தார். அவருக்கு நோர்வேஜிய மொழி பேசத்தான் வராது. மேசை, கால் என்ற சொற்கள் விளங்காமல் இல்லை. என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, இன்னும் காயாத அந்த இடத்தை மறுபடி துடைத்தார். மேலே மூன்றாவது ரவை திரும்பவும் இறுகும் சத்தம் கேட்டது. நான் தண்ணீர் மாற்றப் போய்விட்டேன்.

பஸ்ஸில் அம்மா “குளிருதே?” என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அம்மாவின் சட்டத்தைத்தானே காப்பாற்றினேன் என்று பிற்காலத்தில் எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய். அன்று அம்மாவை நினைத்து வெட்கப்பட்டேன். இன்றைக்கு என்னை நினைத்து வெட்கப்படுகிறேன், இது அதைவிட மோசம்.

தாத்தா சொன்னபடியே செய்தார். சில வாரங்களில் அந்தத் துப்பாக்கி, குழாய் அடைபட்டு, கண்ணாடி அலுமாரிக்குள் வந்து சேர்ந்தது. அந்த வேலையை விடும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா துணியோடு அதன் முன்னால் வெகுநேரம் நிற்பார். கண்ணாடியில் கையடையாளம் அதிகமாக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நான் வாளியோடு காத்துக்கொண்டிருப்பேன்.