சாவியக்கா கூட்டத்துக்கு வந்தாள்

அந்தப் பள்ளியில் பத்தொன்பது வருடம் நாலு மாதமாக ஆயா வேலை பார்ப்பவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சாவியக்கா. இடுப்பில் எப்போதும் பதினேழு சாவி தொங்கும். அதற்கு முன் ஆறு வருடம் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் இருந்தாள். மேற்பார்வையாளரைப் பொய்யர் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வெளியேறியவள். படிப்பு எட்டாவதுதான், வாய் மட்டும் பட்டப்படிப்பு என்பார் அவள் கணவர்.

மூன்றாம் வகுப்பில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. அவள் பேச்செல்லாம் இருபது, இருபத்தைந்து சொல்லுக்குள் அடங்கிவிடும். புது இடம், புதுச் சத்தம் என்றால் உடம்பு விறைத்துக்கொள்ளும். அவளைப் போன்ற பிள்ளைகளுக்கு வருடம் ஒரு முறை தனிக் கல்வித் திட்டம் எழுதுவார்கள்; பிள்ளைக்கு எது வரும், எது வராது, அடுத்து எதைச் சொல்லிக்கொடுப்பது என்று. அந்த வருடத் திட்டம் கூட்டத்துக்கு முன்பே தட்டச்சாகிவிட்டது. ஐந்து நகல் எடுத்து வரச் சொன்னார்கள். மெஷின் தாளைத் துப்பிக்கொண்டிருந்தபோது சாவியக்கா இரண்டாம் பக்கத்தைப் படித்தாள். 'கழிப்பறைப் பழக்கம் இல்லை. நான்கு முறை உடையை நனைத்தது பதிவாகியுள்ளது. பொது வகுப்புக்கு ஏற்றவரல்ல. தனிப்பிரிவுக்கு மாற்றலாம்.'

தனிப்பிரிவு பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் வேறு கட்டடம். அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே சிநேகிதி இந்த வகுப்பில், பக்கத்து இருக்கையில் இருந்தாள்.

பத்தேகால் ஆனால் யாரும் சொல்லாமலே எழுந்து கீழ்த்தளக் கழிப்பறைக்குப் போய் வருகிற பிள்ளை அது. கதவுக்கு வெளியே காவல் நிற்பவளே சாவியக்காதான். அப்புறம் நாலு முறை எங்கிருந்து வந்தது? தாளில் தேதிகள் இருந்தன. சுவர்க் காலண்டரில் விரல் வைத்துப் பார்த்தாள். நாலும் புதன்கிழமை.

பிள்ளைகளைப் பார்க்க உளவியலாளர் வருவது புதன்கிழமைதான். அவர் கண்ணுக்குப் பள்ளி பளிச்சென்று தெரிய வேண்டும் என்று, புதன்தோறும் பத்து மணியிலிருந்து பதினொன்றரை வரை கீழ்த்தளக் கழிப்பறையைப் பூட்டிக்கொண்டு கழுவச் சொல்லியிருந்தார் தலைமையாசிரியை. அந்த நேரத்தில் பிள்ளைகள் மாடிக்குப் போக வேண்டும். மாடியில் கை உலர்த்தும் மெஷின் ஊளையிடும். அந்தப் பெண் வாசலிலேயே நின்று நனைத்துக்கொண்டிருக்கிறாள். மாடி ஆயா உடையை மாற்றி, பதிவேட்டில் தேதியை மட்டும் எழுதிவிட்டு, சாவியக்காவிடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள். பூட்டியதோ சாவியக்காவின் கை.

இரண்டரை மணிக்குக் கூட்டம். தலைமையாசிரியை, வகுப்பாசிரியை, சிறப்பாசிரியை, உளவியலாளர், பிள்ளையின் அம்மா. ஐந்து பேருக்கு ஐந்து நாற்காலி. நகல்களை வைத்த சாவியக்கா வெளியே போகவில்லை. அலமாரியடியில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆயா, நீங்க போகலாம்," என்றார் தலைமையாசிரியை.

"ரெண்டாம் பக்கம் தப்பு மேடம். சொல்லிட்டுப் போறேன்."

"இது படிச்சவங்க பேசுற இடம்."

"படிச்சுட்டுத்தான் மேடம் வந்திருக்கேன். மெஷின் பக்கத்துல நின்னே படிச்சுட்டேன்."

சிறப்பாசிரியை சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். பிள்ளையின் அம்மா கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்தாள். அதை மூடி வைக்கச் சொன்னாள் சாவியக்கா. பிறகு நாலு தேதியையும் நாளோடு, கீழ்க் கழிப்பறை பூட்டியிருந்த நேரத்தோடு சொன்னாள். உளவியலாளர் தன் டைரியைப் புரட்டினார். நாலாவது தேதிக்கு வந்தபோது அவர் முகம் சுருங்கியது. இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார்.

"என்னை யாரு சார் கேட்டா? கதவப் பூட்டி வெச்சுட்டு, பிள்ளைக்குப் போகத் தெரியலன்னு எழுதியிருக்கீங்க. பூட்டுனது நான். அனுப்புறதுன்னா என்னை அனுப்புங்க தனிப்பிரிவுக்கு."

அம்மாதான் முதலில் வாய் திறந்தாள். அந்த வரிகள் இருக்கும்வரை கையெழுத்து இல்லை என்றாள். உளவியலாளர் அவற்றை அடித்தார். பெண் அதே வகுப்பில், அதே இருக்கையில் தொடர்வாள், மாடிக் கழிப்பறையை மெதுவாகப் பழக்குவது, மூன்று மாதம் கழித்து மறுபரிசீலனை என்று தன் கையால் எழுதினார். கழுவும் வேலை மாலை நாலு மணிக்கு மாறியது.

மறுநாள் காலை எட்டு ஐம்பதுக்கு மெமோ வந்தது. அனுமதியின்றிக் கூட்டத்தில் இருபத்திரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். பதிலுக்கு மூன்று வரி இடம். சாவியக்கா நின்றபடியே நிரப்பி, அலுவலக மேஜையில் கொண்டுபோய் வைத்தாள்.

'ஆமாம், உட்கார்ந்தேன். மூன்று மாதம் கழித்தும் வருவேன். ஆறு நாற்காலி போடவும்.'