அம்மாவின் சொந்தக் குரல்

ஊரே அவரைப் பேய்க்காரர் என்றுதான் கூப்பிட்டது. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், பேயும் சேர்ந்து குடிவந்துவிடும் என்பதுபோல வீட்டுக்காரர்கள் முழிப்பார்கள். ஸ்டுடியோவில் முகமூடிக்குச் சாந்து குழைக்கும் வேலையில் சேர்ந்து, முட்டி மோதி இயக்குநரானவர். ஒன்பது பேய்ப்படம், இரண்டு மாயாஜாலப் படம். பேய்கள் சோறு போட்டன. பறக்கும் குதிரைதான் காலை வாரிவிட்டது.

நடிப்பில் நிஜமான பயம் வராது என்பது அவர் கட்சி. அதனால் கதவைத் திறந்தால் பின்னால் என்ன நிற்கும் என்று நடிகர்களிடம் சொல்லவே மாட்டார். அவருக்கும் கேமராமேனுக்கும் மட்டும்தான் தெரியும். மயங்கி விழுந்தவர்கள் உண்டு, மூஞ்சிக்கு நேரே திட்டியவர்களும் உண்டு. படங்கள் ஓடின, மனிதர் திருந்தவில்லை.

முதல் மூன்று படங்களில் பேயாக நடித்தவள் அவர் மனைவி. மகளுக்கு இரண்டு வயதிருக்கும்போது காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அம்மா வேண்டும் என்று அழுத குழந்தைக்கு அவர் படத்தைப் போட்டுக் காட்டினார், பேய் வேஷம் இல்லாத காட்சிகளாகப் பொறுக்கி. அந்தக் குரலைக் கேட்டால்தான் அதற்குச் சோறு இறங்கும், தூக்கம் வரும். பெரியவளாகிக் கல்யாணமான பிறகும் மகள் அதைக் கைபேசியில் ஏற்றி வைத்திருந்தாள்.

அது அம்மாவின் குரலே இல்லை. மனைவிக்குக் கீச்சுக்குரல் என்று அவர்தான் வேறொரு பெண்ணை டப்பிங் பேசவைத்தார். படப்பிடிப்பில் பதிவான ஒலியை அந்தக் காலத்தில் யார் வைத்திருந்தார்கள்? டப்பிங் முடிந்ததும் நாடாவை அழித்து அடுத்த படத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். இதை மகளிடம் சொல்ல முப்பது வருஷமாக அவருக்கு வாய் வரவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன.

விஷயம் ஒரு வங்கி வரிசையில் உடைந்தது. முன்னால் நின்ற வயதான பெண்மணி குமாஸ்தாவிடம் பேசியதைக் கேட்டதும் மகள் வரிசையை விட்டு விலகி அவள் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் அதே குரல். விசாரித்தபோது, அந்தப் படங்களில் பேசியது தான்தான் என்று அந்தப் பெண் பெருமையாகச் சொன்னாள்.

மகள் நேராக அப்பா வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அம்மா குரல் எங்கேயுமே இல்லையாப்பா?"

இல்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் இன்னொரு பொய் வெளிப்பட்டால் இவள் இனி இந்த வாசலை மிதிக்கமாட்டாள் என்று பயந்தார். மூன்றாவது படத்தின் கடைசிக் காட்சியைப் போட்டார். எரியும் வீட்டின் முன் பேய் அலறும். டப்பிங் பெண்ணால் அந்த அலறலைக் கொண்டுவர முடியவில்லை. அதை மட்டும் அசலாகவே விட்டிருந்தார்.

திரையில் அம்மா வாயைத் திறந்தாள். "பாப்பா!"

மூன்று விநாடிதான். மகள் மறுபடி போடச் சொன்னாள். திரும்பவும் போடச் சொன்னாள். கீச்சுக்குரல்தான், அவளுடையதைப் போலவே. வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்னையா கூப்பிடுறாங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "நீ மாடியிலேர்ந்து விழுந்துட்டேன்னு அவகிட்ட சொன்னேன். கேமரா ஓடிட்டிருந்துச்சு."

மகள் படத்தை நிறுத்தினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "பொய்னு எப்பப்பா சொன்னீங்க?"

"ரெண்டாவது டேக்கும் எடுத்துட்டுதாம்மா."