தகப்பன் பெயர் இருந்த கட்டம்

போரின் கடைசி வருடங்களில் நான் திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் வீதியில் இருந்த ஒரு சின்ன நிவாரண அலுவலகத்தில் வேலை செய்தேன். இடம்பெயர்ந்து வந்தவர்களின் பெயர்களைப் பதிவதுதான் என் வேலை. எங்களிடம் இருந்தது ஒரேயொரு லப்டொப். கிண்ணியா, கந்தளாய் முகாம்களின் பட்டியல்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

கிழமைக்கு இரண்டு நாள் அதைத் தூக்கிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போவேன். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றித் துறையைக் கடக்கும் மிதவையை எங்கள் ஊரில் பாதை என்பார்கள். பாதையால் இறங்கி, முகாமாக மாறியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனால், மேசையைச் சுற்றி ஆட்கள் வந்துவிடுவார்கள். மூதூரிலிருந்து ஓடி வந்தவர்கள். ஓடுகிற ஓட்டத்தில் குடும்பம் ஆளுக்கொரு பக்கமாகப் போயிருந்தது. தம்பி கந்தளாயில் இருக்கிறானா, மாமி இருக்கிறாவா என்று கேட்பார்கள். பெயரைத் தட்டிப் பார்த்துச் சொல்லுவேன். அங்கே கரண்ட் இல்லை. எல்லாம் பற்றரியில்தான்.

ஒரு நாள் அந்த மேசையில் லப்டொப் எழும்பவில்லை. காலையில் அலுவலகத்தில் சார்ஜ் நிறைந்திருந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். பற்றரியைக் கழற்றினேன், துடைத்தேன், திரும்பப் போட்டேன். சனம் பார்த்துக்கொண்டு நின்றது. பின்னேரம் திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் அதைப் போட்டுக் காட்டச் சொன்னான். போட ஏலாது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிற்க வைத்தார்கள். அதற்குப் பிறகு லப்டொப்பை வெளியே கொண்டுபோகவே வேண்டாம் என்று எங்கள் அலுவலகப் பொறுப்பாளர் சொல்லிவிட்டார்.

சந்தைப் பக்கம் ரேடியோ திருத்துகிற ஒரு அண்ணை இருந்தார். அவரிடம் கொண்டுபோனேன். சார்ஜரைக் குத்தியதும் அது ஒழுங்காக வேலை செய்தது. வயரைப் பிடுங்கிய கணமே அணைந்தது. பற்றரி முனைகளை அழிறப்பரால் தேய்த்துப் பார்த்தார். மாற்றமில்லை. திருத்த வந்திருந்த அதே மாதிரியான இன்னொரு லப்டொப்பில் எங்கள் பற்றரியைப் போட்டார். அது ஓடியது. அந்த லப்டொப்பின் பற்றரியை எங்களுடையதில் போட்டார். ஓடவில்லை.

“பற்றரியில பிழையில்லை தங்கச்சி. பற்றரியிலயிருந்து உள்ளுக்குக் கரண்ட் போற வழி செத்துப்போச்சு. போர்ட் மாத்த வேணும். இஞ்ச ஏலாது, கொழும்புக்குத்தான் அனுப்ப வேணும்.”

“அனுப்பினா எப்ப வரும்?”

“அதை ஆர் சொல்லுறது. அதுவரைக்கும் ஒரு யூபிஎஸ் வாங்கி வையுங்கோ. கரண்ட் போனாலும் பத்து நிமிசம் தாங்கும்.”

ஓம் என்றேன். இருக்கிற ஒன்றையும் கொழும்புக்கு அனுப்பிவிட்டால் வேலை நின்றுவிடும் என்று பொறுப்பாளர் விடவில்லை. யூபிஎஸ் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்தேன். எழுதவில்லை. அந்த நாட்களில் எழுத வேண்டியவை நிறைய இருந்தன.

அதன்பிறகு முகாமில் பெயர்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வருவேன். அலுவலகத்தில் தேடிப் பார்த்து, அடுத்த முறை போகும்போது பதில் சொல்லுவேன். அப்படிப் பெயர் தந்தவர்களில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி.

“மிஸ், மகள்ர வாப்பாவ ஒருக்காப் பாருங்களன்” என்று ஒவ்வொரு முறையும் மெதுவாகத்தான் கேட்பாள்.

கந்தளாயிலிருந்து புதிய பட்டியல் வந்த அன்று பின்னேரம் அவள் கணவனின் பெயரைத் தட்டினேன். வந்தது. அதே பெயர், மூதூர், வயதும் அதே. கொப்பியில் எழுதினேன். ஒரே பெயரில் பலர் இருப்பதால் தகப்பன் பெயரை வைத்துத்தான் ஆளை உறுதிசெய்வோம். தகப்பன் பெயர் இருந்த கட்டம் திரைக்கு வலப்பக்கம், இன்னும் தள்ளிப் பார்க்க வேண்டும். தள்ளப் போகையில் கரண்ட் போனது. திரை கறுத்துவிட்டது. ஊரடங்குக்கு முன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்ததால் காத்திருக்கவில்லை. காலையில் பாதைக்குப் புறப்படும்போதும் கரண்ட் வரவில்லை.

முகாமில் அவள் வரிசையில் நிற்பதைக் கண்டேன். என்னால் அடக்க முடியவில்லை.

“கந்தளாயில இருக்கிறார்” என்றேன்.

அவள் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். “அவர்ர வாப்பாட பேரு என்ன போட்டிருக்கு மிஸ்?”

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அடுத்த முறை சொல்லுறன் என்றிருக்கலாம். அந்த முகத்துக்கு முன்னால் அந்த இரண்டு சொல்லும் எனக்கு வரவில்லை.

“பார்த்தனான். சரியாத்தான் இருக்கு.”

அன்று பின்னேரம் அலுவலகத்தில் கரண்ட் வந்திருந்தது. பட்டியலைத் திறந்து வலப்பக்கம் தள்ளினேன். தகப்பன் பெயர் வேறு. அது வேறொரு மனுசன். முகாமுக்குச் சொல்லியனுப்ப அந்த நேரத்தில் எனக்கு ஒரு வழியும் இருக்கவில்லை. மறுநாள் முதலாவது பாதையிலேயே போனேன். விடியவே குழந்தையோடு பஸ் ஏறிவிட்டாள் என்றார்கள்.

மூன்று நாள் கழித்து அவளைக் கண்டேன். கோபம் இல்லை, அழவும் இல்லை. நடந்ததைச் சொன்னாள். வழியில் எல்லாச் சாவடியிலும் இறக்கி ஏற்றியிருக்கிறார்கள். கந்தளாய் முகாம் வாசலில் பெயரைச் சொன்னதும், உள்ளே போய், உன் மனைவி தேடி வந்திருக்கிறாள் என்று யாரோ அந்தப் பெயருள்ள மனுசனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

“அவரும் ஓடி வந்தாரு மிஸ். அவர்ர பொண்டாட்டியும் காணாமப் போனவவாம். என்னக் கண்டதும் அப்படியே நிண்டுட்டாரு. பொறகு புள்ளைக்கு ஒரு பிஸ்கட் எடுத்துத் தந்தாரு.”

நான் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பட்டியல்ல வாப்பாட பேரப் பிழையா அடிச்சிட்டாங்க போல” என்றாள் அவள்.

“ஓம்” என்றேன்.

அவள் கணவன் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. முகாமைக் கலைத்து அவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்பும் வரைக்கும், ஒவ்வொரு புதிய பட்டியலிலும் முதலில் அந்தப் பெயரைத்தான் தட்டினேன். அவள் அதன்பிறகு என்னிடம் கேட்கவேயில்லை. வரிசைக்கு வருவதையும் விட்டுவிட்டாள்.