ஒரு பல்லுக்குப் போய் இரண்டு பல்

வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் நான் மன்னார்த் தீவின் தாராபுரத்தில் வாத்தியாராக இருந்தேன். திருக்கை மீனின் முள் காலில் ஏறியபோதும் வாய்திறந்து கத்தாதவன் என்று ஊரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான். பல் விஷயத்தில் நான் எப்படிப்பட்டவன் என்பது என் மனைவிக்கு மட்டுமே தெரியும்.

கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று சொத்தையாகிவிட்டது. பத்து நாள் கிராம்பை அடக்கிக்கொண்டு சமாளித்தேன். பதினோராம் நாள் கன்னம் வீங்கி, நான் சொல்லிக்கொடுத்த வாய்பாடு பிள்ளைகளுக்கு விளங்காமல் போனது. அன்று பள்ளி விட்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் மாட்டுவண்டி நிற்கிறது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மனைவி முதலே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"ஏறுங்கோ. பட்டணத்துக்குப் போவம்."

"வீக்கம் குறையுதுபோல இருக்கு."

"ஓம். எனக்கும் கண் தெரியாதுதானே. ஏறுங்கோ."

மன்னார்ப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் அப்போது வைத்தியம் பார்த்தவர் ஒரு அப்போதிக்கரி. யாழ்ப்பாணத்தவர், எனக்குப் பழைய சிநேகிதர். அவர் என்னைக் கதிரையில் இருத்தி, விரலால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். சொத்தைப் பல்லில் விரல் பட்டதும் நான் கதிரையோடு எழும்பினேன்.

"இதுதான். ஆனா விறைப்பு மருந்து முடிஞ்சுபோச்சு. கொழும்பிலிருந்து ரயிலில வர ஒரு கிழமையாகும். நிப்பீங்களோ, இப்ப எடுப்பமோ?"

நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கதவடியில் வாங்குப் பலகையில் இருந்த மனைவி, "எடுங்கோ ஐயா" என்றாள்.

பல் பிடுங்கும் குறட்டைக் கண்டதும் கதிரைக் கைகளை இறுக்கிப் பிடித்தேன். அப்போதிக்கரி, "நல்லாத் திறவுங்கோ" என்றார். திறந்தேன். குறடு உள்ளே போய் நாக்கில் பட்டது. அந்த நேரம் பார்த்து மனைவி பேச்சை எடுத்தாள்.

"ஐயா, எங்கட கலியாணத்துக்கு நீங்களும் வந்தனீங்கள்தானே? மாப்பிள்ளை வீட்டார் எண்பது பேர் வாறம் எண்டு சொல்லிப்போட்டு, நூற்றிருபது பேர் வந்து நிண்டவை. ஏழு ஆடு அறுத்தும் வாப்பாவுக்குத் தலைகுனிவு."

அவள் முசலிப் பக்கத்துப் பெண். பெண் வீட்டில் நடந்த அந்த விருந்தில் இறைச்சி போதாமல் போனது. பன்னிரண்டு வருடமாக எங்கள் வீட்டில் தீராத வழக்கு அது. அறுத்தது நாலே ஆடு என்பது என் கட்சி. நூற்றிருபது என்ற கணக்கை அன்றுதான் முதன்முறையாகக் கேட்கிறேன். கோபம் உச்சிக்கு ஏறியது. "ஆ... ஆ... ஆலு!" என்றேன். வாயில் குறடு இருக்கும்போது நாலு என்று சொல்வது எளிதல்ல.

அப்போதிக்கரியும் சும்மா இருக்கவில்லை. "தங்கச்சி, ஏழோ நாலோ எனக்குத் தெரியாது. எனக்கு வைச்ச சகன் தட்டைச் சுத்தி ஆறு பேர் இருந்து சாப்பிட்டம். எனக்கு வந்தது ஒரு எலும்பு. அதிலயும் இறைச்சி இல்லை" என்றார்.

"நீங்கள் அந்தக் கூடுதலா வந்த நாப்பது பேரில ஒராளோ?"

"நானோ? எனக்கு முறையா அழைப்புச் சொன்னவை!"

சொல்லும்போதே அவர் கை ரோசத்தோடு ஒரு திருகு திருகி இழுத்தது. பக்கத்தில் இருந்த தட்டில் 'டங்' என்று ஏதோ விழுந்தது. நான் எழுந்து நின்று, "நாலு ஆடு!" என்றேன். பேச முடிகிறதே என்று ஆச்சரியப்பட்டபோதுதான் பல் போய்விட்டது தெரிந்தது. சத்தியமாக நோகவில்லை.

மூன்று பேரும் தட்டை எட்டிப் பார்த்தோம். பல் முத்துப்போல வெள்ளையாக, ஒரு பழுதுமில்லாமல் கிடந்தது. நாக்கால் தடவிப் பார்த்தேன். சொத்தை அதற்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

அப்போதிக்கரி முகம் வெளிறிப்போனார். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ வாத்தியார். தங்கச்சி, நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ" என்றார். அவள் போனாள். கதவு சாத்தியாயிற்று.

இரண்டாவது பல்லைப் பற்றி இன்றைக்கும் ஒன்றுவிடாமல் சொல்ல முடியும். சுவரில் ராசாவின் படம் சற்றுச் சரிந்திருந்தது. வெளியே ஒரு கழுதை கத்தி நிறுத்தியது. குறடு மூன்று தரம் வழுக்கியது. வேர் அசைந்த சத்தம் காதுக்குள் கேட்டது. நான் போட்ட கூச்சலில் வெளி வாங்கில் இருந்த நோயாளிகளில் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று பிறகு மனைவி சொன்னாள். முதல் பல் போன வேளையில் அறையில் என்ன இருந்தது, குறடு எந்தப் பக்கமாக வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நாற்பது பேர் என்ற சொல் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

திரும்பி வரும்போது வண்டியில், வாயில் பஞ்சோடு, கையால் சைகை காட்டிச் சண்டை பிடித்தேன். எண்பது பேருக்கு எட்டு விரல், ஆட்டுக்கு நாலு விரல். அவள் பார்க்காத மாதிரி வந்தாள். வீட்டில் கஞ்சியை ஆற்றிக் கிண்ணத்தில் தந்தபோதுதான் வாய் திறந்தாள்.

"கதிரையை நீங்கள் பிடிச்ச பிடியைப் பார்த்தன். விரலெல்லாம் வெளுத்துப்போச்சு. எனக்குத் தாங்கேல்லை. என்னத்தையாவது சொல்லி உங்களைக் கோவப்படுத்தோணும் போல இருந்தது. அந்த மனுசனும் வந்து சண்டையில விழுவார் எண்டு நான் கண்டனானோ?"

கன்னம் நோக நோகச் சிரித்தேன். அப்படியானால் நூற்றிருபது பேர் என்றது அந்த நேரத்துக்குக் கட்டிய கதைதானே என்று பஞ்சுக்கு ஊடாக ஒருவாறு கேட்டேன்.

"அது உண்மை" என்றாள். "கஞ்சியைக் குடியுங்கோ."