வெள்ளை நிறத்துக்கு நான் சொன்ன காரணங்கள்

சகலன் எடுத்த வான் என்னுடைய வான். காசு அவன் கட்டினான், பதிவு அவன் பெயரில், அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வானைத் தெரிந்தெடுத்தவன் நான். அது சந்தைக்கு வருமுன்பே படத்தைப் பார்த்து, இரண்டு குளிர்காலம் அதைப் பற்றியே கதைத்து, ஏழு இருக்கையா எட்டா, துணியா தோலா என்று மண்டையை உடைத்து, நிறம்வரை முடிவு செய்து வைத்திருந்தவன் நான். அவன் பக்கத்தில் இருந்து கோப்பி குடித்துக்கொண்டு கேட்டான். பிறகு போய் எடுத்துவிட்டான்.

அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட இளையவன், வாய் நிறைய "அண்ணை, அண்ணை" என்று கூப்பிடுவான். ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் என்ற ஊரில் தனி வீடு, கம்பியூட்டர் வேலை. நான் ஸ்காபரோவில் ஒரு டவுன்ஹவுஸில் வாடகைக்கு இருந்தேன். வேலை, வாகன உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில். வானின் பக்கக் கதவு ஓடுகிற தண்டவாளம் இருக்கிறதே, அதை அச்சில் அடித்தெடுப்பது எங்கள் பகுதி. நான் அடித்த தண்டவாளத்தில் அவனுடைய கதவு வழுக்கிக்கொண்டு திறக்கும். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சனிக்கிழமைக் காலைகளில் நாங்கள் நாலைந்து பேர் ஸ்காபரோவில் ஒரு பிளாசாக் கோப்பிக் கடையில் கூடுவோம். ஒரு பக்கம் நகைக்கடை, மறுபக்கம் மீன்கடை. எல்லோருக்கும் வாகன விசர். இன்சூரன்ஸ் விற்கும் அண்ணை ஒருவர்தான் எங்களுக்கு நீதிபதி. கையில் இருக்கும் வாகனத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அடுத்த வருடம் வரப்போவதைப் பற்றித்தான் பேச்சு.

"கொரியன்காரன் விடப்போற எஸ்யூவியைப் பாத்தனீங்களோ? மூண்டாவது வரிசையிலயும் ஆக்கள் இருக்கலாமாம்."

"ஆக்கள் இல்லை, அரிசி மூட்டை இருக்கலாம்" என்பார் இன்சூரன்ஸ் அண்ணை.

நான் ஓட்டியது கரும்பச்சை நிறத்தில் ஒரு பழைய ஸ்டேஷன் வேகன். கார் போலத் தாழ்வாக இருக்கும், கூரை மட்டும் நீண்டு பின்னால் பெட்டியாக முடியும். எங்கள் சனம் அதை வாங்காது. "அண்ணை, உதுக்கு ஒரு மலர்வளையம் வைச்சால் செத்தவீட்டுக்கு விடலாம்" என்று சகலன் பகிடி பண்ணுவான். எல்லோரும் சிரிப்பார்கள். "கார் மாதிரிப் பதிஞ்சு ஓடும், வான் மாதிரி ஏத்தும். உமக்கு உது விளங்காது" என்று நான் சொல்வேன். சொல்லிவிட்டு, மனதுக்குள் வானைத்தான் நினைப்பேன்.

நிறம் பற்றிப் பேசியது பெப்ரவரியில், வாகனக் கண்காட்சிக்குப் போய் வந்த கிழமை. அன்று நான் நீட்டி முழக்கினேன். குளிர்காலத்தில் பனி உருக றோட்டுக்குப் போடும் உப்பு, கறுப்பு வாகனத்தில் கோதுமை மா அப்பியதுபோலத் தெரியும், வெள்ளையில் தெரியாது. கோடையில் உள்ளே வேகாது. இருட்டில் மற்றவன் கண்ணில் படும். முத்து மாதிரி மினுங்கும் வெள்ளைப் பூச்சுக்குக் கொஞ்சம் கூடக் கேட்பான், விற்கும்போது அது திரும்பி வரும். "குடும்ப வான் எண்டால் வெள்ளை. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்" என்று முடித்தேன். இன்சூரன்ஸ் அண்ணை தலையாட்டினார். சகலன் இன்னொரு கோப்பி வாங்க எழும்பினான்.

அது இலங்கையில் சண்டை முடிந்துகொண்டிருந்த வருடம். கோப்பிக் கடையில் கூடியவுடன் முதல் கேள்வி, "இண்டைக்கு என்னவாம்?" என்பதுதான். வன்னியில் எங்கே ஷெல் குண்டு விழுந்தது, எத்தனை பேர் என்று யாராவது இணையத்தில் பார்த்ததைச் சொல்வார்கள். பிறகு ஒருவரும் கதைக்கமாட்டார்கள். கோப்பி ஆறிப்போகும். அந்த அமைதியைத் தாங்கமாட்டாமல் ஒருவர் வாகன விளம்பரப் புத்தகத்தை விரிப்பார், உடனே எல்லோரும் அதற்குள் தலையை விடுவோம். பின்னேரம் டவுன்டவுனில் ஆர்ப்பாட்டத்துக்குப் போவோம். போகும் வழியிலும் எந்த எஸ்யூவிக்கு எவ்வளவு இழுவை என்ற பேச்சு ஓடும்.

எனக்கு வான் வாய்க்கவில்லை. அந்த வருடம் பெரிய வாகனக் கம்பனிகள் தள்ளாடியதில் எங்கள் தொழிற்சாலையிலும் வேலை பாதியாகியது. வாங்குகிற பேச்சை நான் விட்டுவிட்டேன். கதைக்கிற பேச்சை விடவில்லை.

இந்த நேரத்தில்தான் மாமி வருவது முடிவானது. மாமி, அதாவது என் மனைவியின் தாய், கொழும்பில் வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்துக் கடைசி மகனோடு இருந்தவர். அந்தப் பொடியனை ஒரு நாள் றோட்டில் வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள். அதன் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. யார் கொண்டுபோனது, எப்படி என்று மகள்மார் கேட்டால், "போனில உதுகள் வேண்டாம் பிள்ளை" என்று மாமி பேச்சை நிறுத்திவிடுவார். கனடாவுக்கு வருவதற்கு எல்லாம் சரியாக இருந்தும், அவன் திரும்பி வரும்போது அறை பூட்டிக் கிடக்கக் கூடாது என்று அங்கேயே இருந்தார். மே மாதம் சண்டை முடிந்ததும் இரண்டு பெண்களும் போனில் அழுது அழுது அவரைச் சம்மதிக்க வைத்தார்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து ஒருவர் வந்தால் சொந்தம் முழுவதும் விமான நிலையத்துக்குப் போகும். வந்தவர் யாருடைய வாகனத்தில் ஏறுகிறாரோ அவர் வீட்டில்தான் முதல் சாப்பாடு. முதல் சாப்பாடு சாப்பிட்ட வீட்டில்தான் பெட்டி திறக்கும். பெட்டி திறந்த வீட்டில்தான் ஆளும் தங்குவார். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

"இஞ்சருங்கோ, அம்மா எங்கட வாகனத்திலதான் ஏறோணும்" என்றாள் மனைவி. "நான் மூத்தவள். சின்ன வயசிலயே என்னை வெளிநாட்டுக்கு அனுப்பிப் போட்டினம். தங்கச்சி எவ்வளவு காலம் அம்மாவோட இருந்தவள். எனக்கு இப்பவாவது வேணும்." அவள் அப்படி ஒன்றை என்னிடம் கேட்டது அபூர்வம்.

ஜூனில் ஒரு சனிக்கிழமை சகலன் பிளாசாவுக்குள் வந்து நிறுத்தினான். முத்து வெள்ளை. நான் சொன்ன அதே வான், நான் சொன்ன அதே நிறம்.

"எப்ப எடுத்தனீர்?"

"நேற்று அண்ணை. மாமி வாறா எல்லோ, வசதியா இருக்கட்டும் எண்டு எடுத்தனான். நிறம் நீங்கள் சொன்னதுதான்."

அவன் கையில் இருந்த வான் திறப்பில் ஒரு பொத்தானை அமத்தினான். பக்கக் கதவு தானாக ஓடித் திறந்தது. எல்லோரும் எழும்பிப் போய்ப் பார்த்தார்கள். நான் கோப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் எழும்பினேன். கோயிலின் வாகனத் தரிப்பிடத்தில் வானுக்குப் பூசை செய்தபோது, "அண்ணைதான் தேங்காய் உடைக்கோணும்" என்று என்னிடமே தந்தான். உடைத்த வேகத்தில் அது தூள் தூளாகச் சிதறியது. "நல்ல சகுனம்" என்றார் ஐயர்.

அடுத்த கிழமை அவன் வராத நேரம் பார்த்து, "சனம் செத்த ஈரம் காயேல்லை, உவருக்குப் புது வான் கேக்குது" என்று கோப்பிக் கடையில் சொன்னேன். எனக்கிருந்த துக்கம் பொய்யில்லை. பொறாமையும் பொய்யில்லை. இரண்டும் ஒரே வாயால் வந்தன.

ஜூலையில் மாமி வந்தார். அன்று காலை வேகனைக் கழுவி, உள்ளே தூசி உறிஞ்சி, பின் இருக்கையில் புதுத் துணி விரித்தேன். மனைவி விடியவே எழும்பிப் புட்டு அவித்து மீன் குழம்பு வைத்திருந்தாள். பிள்ளைகளின் அறையைக்கூட மாமிக்கென்று ஒதுக்கியாயிற்று.

மாமி படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். இரண்டு மகள்மாரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, வெளியே நடந்து வந்தார். நான் வேகனை வாசலுக்குக் கொண்டுவந்து விட்டிருந்தேன். சகலன் எனக்கு முன்னால், வாசல் கதவுக்கு நேராக, வானைக் கொண்டுவந்து விட்டிருந்தான். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது, தோற்றுப்போனேன் என்று. மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"வாங்கோ மாமி, ஏறுங்கோ" என்று சொல்லி அவன் பொத்தானை அமத்தினான். கதவு சத்தமில்லாமல் ஓடித் திறந்தது.

மாமி நின்றார். அவர் அவனைப் பார்க்கவில்லை, திறந்திருந்த கதவைத்தான் பார்த்தார். கைப்பை கீழே விழுந்தது. பின்னுக்கு வந்து, பெட்டியோடு பின்னால் நின்ற என்மீது முட்டி, என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்தார்.

"வேண்டாம். நான் வரேல்லை. நான் ஒண்டும் செய்யேல்லை."

"மாமி, இது எங்கட வான்" என்று சகலன் சிரித்த முகத்தோடு கையை நீட்டினான். அவர் இன்னும் பின்னுக்கு வந்தார். மனைவிதான் முதலில் விளங்கிக்கொண்டாள். அவள் தன் வாயைப் பொத்தினாள்.

கொழும்பில் ஆட்களைத் தூக்கியது வெள்ளை வான்களில். நம்பர் பிளேட் இல்லாத வெள்ளை வான் பக்கத்தில் வந்து நிற்கும், பக்கக் கதவு திறக்கும், ஆளை உள்ளே இழுக்கும், போய்விடும். இது தெரியாத தமிழன் ரொறன்ரோவில் இல்லை. கோப்பிக் கடை வாசலில் அடுக்கியிருந்த இலவசப் பத்திரிகைகளில் வாராவாரம் வாசித்தோம். வாசித்துவிட்டு, பக்கத்தைப் புரட்டி, வாகன விளம்பரத்துக்குப் போனோம். இரண்டு குளிர்காலம் வெள்ளை வானைப் பற்றிக் கதைத்த எங்களில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. மச்சான் காணாமல் போன வீட்டில் பெண் எடுத்த எங்கள் இரண்டு பேருக்கும்கூட வரவில்லை.

மாமியை நான் வேகனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பின் இருக்கையில் இருந்தார், மனைவி பக்கத்தில் ஏறினாள். சகலன் வானுக்குப் பக்கத்தில் திறப்போடு நின்றான். அந்த நேரத்திலும், உள்ளதைச் சொன்னால், எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. செத்தவீட்டு வாகனம் என்றானே, மாமி ஏறியது அதில்தான்.

401 நெடுஞ்சாலையில் கொஞ்சத் தூரம் வந்ததும் மாமி திரும்பிப் பின் கண்ணாடியால் பார்த்தார்.

"தம்பி, உது பின்னால வருகுது."

"அது எங்கட ஆக்கள், மாமி."

"உது எங்களுக்குப் பின்னால வருகுது, தம்பி."

மனைவி போனில் தங்கையைக் கூப்பிட்டாள். "பிள்ளை, நீங்கள் 404 றோட்டால உங்கட வீட்டை போங்கோ. எங்களுக்குப் பின்னால வராதேங்கோ." மறுமுனையில் ஏதோ கேட்டது. "பிறகு சொல்லுறன், இப்ப போங்கோ." வானின் விளக்கு மின்னியது. அது விலகி, வளைந்து, மார்க்கம் பக்கம் போய்விட்டது. பெட்டி எங்களிடம், ஆளும் எங்களிடம். வீட்டில் புட்டு ஆறிக்கொண்டிருந்தது.

மாமி முன்னுக்குத் திரும்பிச் சாய்ந்துகொண்டார். பிறகு, "சின்னவள் எங்க?" என்று கேட்டார்.

"அவள் தன்ர வீட்டை போறாள் அம்மா. பின்னேரம் வருவாள்."

"எதில போறாள்?"

மனைவி போனைக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அதுக்குள்ளயோ?" என்றார் மாமி. "அதுக்குள்ளயோ என்ர பிள்ளையை ஏத்தி விட்டனீங்கள்?"

அவர் முன் இருக்கையைப் பிடித்து எழும்பப் பார்த்தார். "தம்பி, திருப்புங்கோ. அவள் இறங்கிறதை நான் பாக்கோணும். திருப்புங்கோ ராசா."

மேலே இருந்த கண்ணாடியில் மனைவியைப் பார்த்தேன். அவள் ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். அடுத்த வெளிவழியில் இறங்கி, வடக்கே மார்க்கத்துக்குத் திருப்பினேன்.

நாங்கள் போய்ச் சேரும்போது வான் வீட்டுக்கு முன்னால் நின்றது. இளையவள் அதற்குப் பக்கத்தில் நின்றாள். வேகன் சரியாக நிற்குமுன்பே மாமி கதவைத் திறந்து இறங்கிவிட்டார். அந்த வானுக்குக் கிட்டவே போனார். மகளின் முகத்தை, தோளை, கைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"இறங்கியிட்டியோ? இறங்கியிட்டியோ பிள்ளை?"

அவளைக் கட்டிப் பிடித்தபடியே வீட்டுக்குள் போனார். அதன் பிறகு யார் எதைச் சொல்ல முடியும்? முதல் சாப்பாடு அங்கேதான். மனைவி ஸ்காபரோவுக்குத் திரும்பிப் போய்ப் புட்டையும் குழம்பையும் சட்டியோடு கொண்டுவந்து தங்கையின் மேசையில் வைத்தாள். பெட்டி அந்த வீட்டில்தான் திறந்தது. சகலன் வானைக் கராஜுக்குள் விட்டு இழுத்து மூடினான். "அண்ணை, நான் யோசிக்கவே இல்லை" என்றான். நிறம் நான் சொன்னது என்று அவன் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அந்தக் கிழமையே அவன் வானைக் கொடுத்துவிட்டு நீல நிறத்தில் ஓர் எஸ்யூவி எடுத்தான். மாமி கடைசிவரை மார்க்கத்தில்தான் இருந்தார். இளையவள் வேலையால் வரும் நேரம் பனியோ மழையோ வாசலுக்கு வந்துவிடுவார், அவள் இறங்கிக் கதவைச் சாத்தும்வரை பார்த்து நின்றுவிட்டுத்தான் உள்ளே போவார். நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பழத்தோடு போவோம். எங்களுக்குக் கதவு திறப்பது வீட்டுப் பிள்ளைகளில் யாராவது ஒருவர்.

ஒரு நாள் திரும்பி வரும்போது மனைவி வேகனின் கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நான் இறங்கிறதை அம்மா ஒருநாளும் வாசலில நிண்டு பாத்ததில்லை."