மேல் மாடிச் சாவிகளை எடுத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியிருக்கும். மாத்தறையிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் அறையைக் காலி செய்து சாவியைத் திருப்பித் தந்துகொண்டிருந்தது. அப்போதுதான் கொட்டகலையிலிருந்து பாக்கியம் அக்காவின் மகள் சுமதியின் அழைப்பு வந்தது.

"மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள்.

"எங்க போனாங்க?" என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். பாக்கியம் அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் ஓரிடத்தில் இருக்கிறவர் அல்ல. கோயிலுக்கு, மருந்தெடுக்க, யார் வீட்டுக் குழந்தையையோ பார்க்க என்று போய்க்கொண்டேயிருப்பார். மறுமுனையில் சுமதியின் அழுகைதான் கேட்டது.

என் முகத்தைப் பார்த்த மாத்தறைப் பெண்மணி, ஏதாவது கெட்ட செய்தியா என்று சிங்களத்தில் விசாரித்தார். எங்கள் அக்கா இறந்துவிட்டார் என்றேன். "சொந்த அக்காவா?" என்றார். ஆமென்று சொல்லிவிட்டேன்.

ஹட்டன் கடைவீதியின் நடுவில் நிற்கும் எங்கள் ஹோட்டலுக்குப் பெயர்ப்பலகையில் ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. ஊருக்கு அது மாடி ஹோட்டல். மூன்று மாடி, பதினெட்டு அறை, ஏறும்போது முனகுகிற மரப்படி. பாக்கியம் அக்கா பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். ஆறு வருடம் கொழுந்தெடுத்தார். கணவர் இறந்த பிறகு கைக்குழந்தையான சுமதியைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்கு வந்து, இந்த ஹோட்டலில் விரிப்புத் துவைக்கும் வேலையில் சேர்ந்தார். நான் வரவேற்பு மேசைக்கு வந்தபோது அவர் பதினெட்டு அறைகளுக்கும் பொறுப்பாளராகியிருந்தார். அதன்பின் பதினேழு வருடம் சேர்ந்து வேலை செய்தோம்.

அன்று பின்னேரம் ஹோட்டலின் இணையப் பக்கத்தில் செய்தியைப் போட்டேன். இங்கே தங்கிப்போன நீங்கள் இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துத் தந்தார் என்று ஒருவர். என் மகளுக்குத் தலை பின்னி அனுப்பினார் என்று ஒருவர். மலையேறப் போன எங்களுக்கு அவர் கட்டித் தந்த ரொட்டிப் பொதியை இன்னும் பேசிக்கொள்கிறோம் என்று ஒரு குடும்பம். ஒரே ஓர் இரவு தங்கியவர்கள்கூட எழுதியிருந்தீர்கள். உங்கள் எல்லாரோடும் பேசுவதுபோல்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாத ஒன்றும் இதில் வரும்.

சுடுதண்ணீர்ப் பிரச்சினை உங்களில் யாருக்குத்தான் தெரியாது. கொழும்பிலிருந்து வங்கி அதிகாரி ஒருவர் வந்திருந்தார். மூன்றாம் மாடி அறை. காலையில் துவாயைத் தோளில் போட்டபடி படியின் உச்சியில் நின்று, "இதெல்லாம் ஒரு ஹோட்டலா?" என்று கீழே மேசையில் இருந்த எனக்குக் கேட்கும்படி சத்தம் போட்டார். குழாயைத் திறந்து கால்மணி நேரமாகியும் பச்சைத் தண்ணீர்தான் வருகிறதாம். நான் மன்னிப்புக் கேட்க ஏறிப்போவதற்குள், சமையலறையிலிருந்து ஆவி பறக்கும் வாளியோடு பாக்கியம் அக்கா என்னைத் தாண்டிப் போனார். மேலே போய் வாளியை அவர் காலடியில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"ஐயா, எங்க பைப்புக்கு வயசாயிருச்சு. மூணு மாடி ஏறணும்ல. நான் அதவிட கொஞ்சம் சின்னவ. அதான் முந்தி வந்துட்டேன்."

அந்த மனிதர் சிரித்தேவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் வந்தார். முன்பதிவு செய்யும்போதே, "சுடுதண்ணி பாக்கியம் இருக்காங்களா?" என்று கேட்பார்.

விருந்தினர்கள் இணையத்தில் எழுதும் கருத்துகளை மத்தியானத்தில் நான் அவருக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். அவர் தலையணை உறைகளை மடித்தபடி கேட்பார். ஒரு வெளிநாட்டுப் பெண் எழுதியிருந்தார்: அறை பழசு, விடிவதற்கு முன்பே பஸ் ஹார்ன், ஜன்னல் இடுக்கில் குளிர் வருகிறது, ஆனால் ஓர் அம்மா என் படுக்கைக்குள் சுடுதண்ணீர்ப் பை வைத்திருந்தார், நன்றாகத் தூங்கினேன்.

"நச்சத்திரம் எத்தன போட்டிருக்கு?"

"அஞ்சுக்கு மூணு, அக்கா."

"மத்த ரெண்டும் எங்க போச்சு?"

"ஒண்ணு ஜன்னலுக்கு. ஒண்ணு பஸ்ஸுக்கு."

அடுத்த நாள் தச்சரைக் கூட்டிவந்து, கூடவே நின்று அந்த ஜன்னலைச் சீவ வைத்தார். மாலையில் என் மேசைக்கு வந்து, "ஒண்ண மீட்டாச்சு தம்பி. பஸ்ஸ நான் என்னா செய்ய?" என்றார்.

வந்தவர்களிடம் எதற்காக வந்தீர்கள் என்று அவர் கேட்டதேயில்லை. ஆனாலும் எப்படியோ தெரிந்து வைத்திருப்பார். ராகலையிலிருந்து ஒரு பெரியவர், ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கூட்டிவந்த மனைவியைப் பார்த்துக்கொள்வதற்காக நான்காம் அறையில் மூன்று வாரம் தங்கினார். முதல் இரண்டு நாள் அந்த அம்மாவும் அதே அறையில்தான் இருந்தார். அவர் கட்டியிருந்த நூல் சேலையொன்று நாற்காலியில் கிடந்தது. அந்த அம்மா இறந்துபோனார். பெரியவர் மகனோடு வந்து பையை எடுத்தார். அவருடைய துணியெல்லாம் துவைத்து, இஸ்திரி போட்டு அடுக்கப்பட்டிருந்தது. சேலை மட்டும் தனியாக, வெள்ளைத் துண்டில் சுற்றியிருந்தது.

"இத மட்டும் தொவைக்கலங்க ஐயா. அப்புடியே மடிச்சு வச்சிருக்கேன்" என்றார் பாக்கியம் அக்கா.

பெரியவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. பிறகு அந்தப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு மரப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் உங்களுக்குத் தெரியாதது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், ஒரு வாரம் விடாமல் மழை பெய்தது. மண் சரிந்து கொழும்புப் பாதையும் மூடியது, நுவரெலியாப் பாதையும் மூடியது. ரயில் நின்றது. கீழ் இரண்டு மாடிகளிலும் இருந்த விருந்தினர்கள் எங்களோடு மாட்டிக்கொண்டார்கள். மேல் மாடிக்கு வரவேண்டியவர்கள் வரமுடியாமல், அந்த ஆறு அறையும் காலியாக இருந்தது.

நான்காம் நாள் மத்தியானம் இருபது பேருக்கு மேல் ஹோட்டல் வாசலில் வந்து நின்றார்கள். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண் வெடித்துவிட்டது, உடனே வெளியேறுங்கள் என்று கிராம சேவகர் சொல்லியிருக்கிறார். பாடசாலைக்குப் போனால் அங்கே நிற்கவும் இடமில்லை. நனைந்துகொண்டே டவுனுக்கு நடந்து வந்திருந்தார்கள். ஒரு பெண்ணின் கையில் பிறந்து பன்னிரண்டு நாளான குழந்தை.

நான் கொழும்பில் இருந்த முதலாளிக்குப் போன் போட்டேன். "உள்ள கெஸ்ட் இருக்காங்க. இது ஹோட்டல், முகாம் இல்ல. ஒருத்தரையும் ஏத்தாத" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பாக்கியம் அக்கா மேசைக்கு வந்தார். "தம்பி, மேல் மாடிச் சாவியக் குடுங்க."

"மொதலாளி வேணாம்னுட்டாரு அக்கா."

"நீங்க கேட்டீங்க, அவரு வேணாம்னாரு. நான் கேக்கலயே."

நான் அசையாமல் நின்றேன். எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள், மனைவிக்கு வேலையில்லை. இதை இப்போது ஒரு சாக்காகச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியது அதுதான். அவர் என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததுமே எல்லாம் புரிந்திருக்க வேண்டும்.

"நீங்க இன்னும் சாப்பிடலதானே? போயிச் சாப்பிட்டு வாங்க" என்றார்.

நான் போனேன். சமையலறையில் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சாவிப் பலகையிலிருந்து ஆறு சாவிகள் ஒவ்வொன்றாகக் கழலும் சத்தம் அங்கே கேட்டது. பிறகு படியேறும் கால்கள். வயதான ஒரு பெண் ஏற மறுத்து, "காலெல்லாம் சேறும்மா, தரை அழுக்காப் போயிரும்" என்பதும் கேட்டது. "தரையத் தொடைக்கிறவ நாந்தான். நீங்க ஏறுங்க" என்று பாக்கியம் அக்காவின் குரல்.

நான் திரும்பி வந்தபோது விருந்தினர் பதிவேடு விரித்து வைக்கப்பட்டிருந்தது. கடைசியாக ஏறவிருந்தவர்களை நிறுத்தி, ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுக் கேட்டுத் தன் கோணல் எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். எதற்கு இந்த நேரத்தில் இது என்று கேட்டேன்.

"பேரெழுதினாத்தான் தங்க வந்தவங்க. இல்லாட்டி ஒதுங்க வந்தவங்களாயிருவாங்க" என்றார்.

மூன்று நாள் அவர்கள் இருந்தார்கள். குருநாகலிலிருந்து வந்து மாட்டிக்கொண்டிருந்த ஒரு சிங்கள ஆசிரியை சமையலறைக்குள் இறங்கி ரொட்டி தட்டினார். தன் கம்பளிச் சால்வையைக் குழந்தைக்குக் கொடுத்தார். இன்னொரு விருந்தினர் மட்டும், லயத்து ஆட்களோடு ஒரே கூரையின் கீழ் தங்கவா காசு கொடுத்தேன் என்று முதலாளிக்கே போன் செய்தார்.

பாதை திறந்த அன்றே முதலாளி வந்துவிட்டார். மேசைக்கு முன் நின்று, "சாவிய யாரு குடுத்தது?" என்று கேட்டார்.

"நான் சாப்பிடப் போயிருந்தேன் சார். பாக்கியம்தான் எடுத்திருக்கு" என்றேன்.

பாக்கியம் அக்கா விரிப்புக் கட்டோடு படியில் நின்றிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. "ஆமாங்க ஐயா, நாந்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார். முதலாளி அவரை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. பொறுப்பாளர் வேலையை எடுத்துவிட்டு, சேர்ந்த காலத்தில் செய்த துவைக்கிற வேலைக்கே அனுப்பினார்.

இரண்டு நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் பின்கட்டுக்குப் போனேன். அவர் ஒரு பெரிய விரிப்பை அலசிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"பொய்யா சொன்னீங்க?"

"இல்ல."

"பொறகு ஏன் நிக்கிறீங்க? அந்த முனையப் புடிங்க."

ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினோம். தண்ணீர் வடிந்து முடிந்தது. பிறகு விரிப்பைக் கொடியில் போட்டு, சுருக்கத்தை நீவிக்கொண்டே சொன்னார்:

"சாவிய எடுத்தேன்னு சொன்னது சரிதான் தம்பி. பாக்கியம்னு சொன்னீங்க பாருங்க, அக்காவ விட்டுட்டு. அதுதான் ஒரு மாதிரியாப் போச்சு."

  "போங்க, மேசையில ஆளில்ல" என்று அனுப்பி வைத்தார். அதன்பின் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அதற்குப் பிறகு யார் முன்னாலும், எந்தப் பெரிய மனிதர் முன்னாலும், அக்கா என்று சேர்க்காமல் நான் அவர் பெயரைச் சொன்னதில்லை.

நான்கு மாதம் அவர் துவைத்தார். சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் உச்சத்துக்கு வந்து ஹோட்டல் நிறைந்தது. முதலாளி ஒரு வாரம் தங்கி, தானே மேசையில் உட்கார்ந்தார். வருகிறவர்களெல்லாம் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, அந்த அம்மா எங்கே என்பதுதான். முதல் நாள் லீவு என்றார். இரண்டாம் நாள் வேறு வேலை என்றார். ஐந்தாம் நாள் அந்த வங்கி அதிகாரி வந்தார். பின்கட்டில் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, பையைக்கூட வைக்காமல் நேரே பின்னால் நடந்தார். சோப்பு நுரைக் கைகளோடு பாக்கியம் அக்கா கும்பிடுவதைப் பார்த்துவிட்டு வந்து மேசை முன் நின்றார்.

"இவங்களையா அங்க வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலையே முதலாளி பாக்கியம் அக்காவைக் கூப்பிட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "நாளையில இருந்து மேல வாங்க" என்றார். எப்போதும் 'வா' என்கிறவர். அந்த 'வாங்க'வை மேசைக்குப் பின்னால் நின்ற நானும் கேட்டேன்.

கொட்டகலையில் நல்லடக்கத்தன்று மழையில்லை. முதலாளியும் வந்திருந்தார். அன்று மழையில் வந்தவர்களின் தோட்டத்திலிருந்து ஒரு லொறி நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். சால்வை போர்த்திய அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. குருநாகல் ஆசிரியை பஸ் மாறி மாறி வந்து, சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். "கடைசி நாள்ல அம்மா உங்களப் பத்தித்தான் பேசுவாங்க மாமா" என்று சுமதி என்னிடம் சொன்னாள். என்ன பேசுவார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நேற்று ஒரு கணவன் மனைவி வந்தார்கள். மகளுக்கு இங்கே ஏதோ நேர்முகத் தேர்வாம். வேட்டியும் ரப்பர் செருப்புமாக அவர் வாசலுக்கு வெளியிலேயே நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, "இங்க எங்க மாதிரி ஆளுங்களுக்கு ரூம் குடுப்பாங்களா?" என்று தெருவில் போன யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்டது. நான் மேசையைவிட்டு எழுந்தேன். வாசலுக்குப் போய் அந்த அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "வாங்க ஐயா, வாங்கம்மா" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. பாக்கியம் அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பதும் அவ்வளவுதான்: எழுந்து வாசல்வரை போவது. இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினேழு வருடமும் ஒரு மழையும் தேவைப்பட்டன. அவர் இருந்தபோதே இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.